மூன்று செண்பகமும் ஒரு மனுசனும்

“எப்படி இருக்க?” என்று கேட்டாள் செண்பகம்.

“எனக்கென்ன, நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க?” என்று திருப்பிக் கேட்டாள் திரைக்குள் இருந்த செண்பகம்.

“எனக்கு மட்டும் என்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்.”

“இடுப்பு வலி?”

“லேசா. உனக்கு?”

“லேசா.”

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார நேர்ந்த சம்பந்தியம்மாள்களைப் போல இருவரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். டாக்டர் ரஹ்மத் நிஷா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்தார்.

“மூணு பேர்கிட்டயும் இதே பேச்சுத்தான். ஒரு வார்த்தை மாறல,” என்றார், சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்ற குத்தாலிங்கத்திடம்.

“அவ அப்படித்தான் டாக்டரம்மா. பல்லைப் பிடுங்கும்போதுகூட லேசான்னுதான் சொன்னா. பிடுங்கினவருக்குத்தான் வேர்த்துட்டு.”

“நீங்க சும்மா இருங்க. அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்,” என்றாள் செண்பகம் மெதுவாக.

செண்பகம் திருநெல்வேலி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். பஸ்கள் தாமாகவே டிக்கெட் போட்டுக்கொள்ளப் பழகி, கண்டக்டர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பும்வரை, ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே அவள் குரல் கேட்காத நிறுத்தம் கிடையாது. குத்தாலிங்கம் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பாட்டு நேரத்தில்தான் அவருக்கு ஞாபகம் வரும். அவளுடைய பஸ்ஸில் சில்லறை தராமல் ஏறித் திட்டு வாங்கியதில் தொடங்கியது அவர்கள் பழக்கம். அன்று அவள் சொன்ன, “ஒமக்கு மட்டும் பஸ்ஸு ஓசியா ஓடுதோ?” என்பதில் இருந்த ‘ஒமக்கு’ கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. நீரு, ஒமக்கு, ஒம்ம மூஞ்சி. முப்பது வருசமாக அதுதான்.

இந்தச் சித்திரையில் இருந்துதான் அவள் வாயில் மரியாதை கூடியிருந்தது. வயசாகிறது, பக்குவம் வருகிறது என்று அவர் உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அப்புறம்தான் ஸ்கேன் எடுத்தார்கள். நாலைந்து வருசத்துக்கு முன் மார்பில் வந்து, அறுத்து, மருந்தேற்றி, போய்விட்டது என்று எல்லாரும் நம்பிய நோய், ஓசைப்படாமல் இடது இடுப்பில் போய் உட்கார்ந்திருந்தது.

“ஒண்ணும் இல்ல, சின்ன விஷயந்தான், செண்பகலட்சுமி,” என்று அன்றைக்குச் சொன்னார் அவர். அவள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். “சரிங்க,” என்றாள்.

நர்ஸ் வந்து அவளை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனதும் டாக்டர் குத்தாலிங்கத்தை உட்காரச் சொன்னார்.

“சார், உங்களுக்கு முதல்ல இருந்து சொல்லிருதேன்.” ஒரு தாளை இழுத்து ஏதோ வரைந்தார். “இது தொடை எலும்போட தலை. பந்து மாதிரி இருக்கும். இது, அந்தப் பந்து உட்கார்ற கிண்ணம்.”

“இது கத்திரிக்காயில்லா?”

“இடுப்பு சார்.”

“கோவிச்சுக்கிடாதீங்க. இங்க கொண்டாங்க.” பேனாவை வாங்கி நாலு கோட்டில் அவர் ஓர் இடுப்பெலும்பை எழுப்பிவிட்டார். பந்து, கிண்ணம், பந்தின் கீழே ஒடுங்கிய கழுத்து. டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதை நான் வச்சுக்கலாமா? மத்தவங்களுக்குக் காட்ட உதவும்.” பேனாவைத் திரும்ப வாங்கி அந்தக் கழுத்தில் ஒரு புள்ளி வைத்தார். “இங்கதான் அரிச்சிருக்கு. கிண்ணத்துலயும் கொஞ்சம். எப்ப வேணா உடையலாம். அதுக்கு முன்னால நாம முந்திக்கிடணும். மூணு வழி இருக்கு. எலும்புக்குள்ள நீளமா ஓர் ஆணி இறக்கி முட்டுக் கொடுக்கலாம். சின்ன வெட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம். இல்லேன்னா வெட்டே இல்லாம, ஊசி வழியா அரிச்ச இடத்துல சிமெண்டை நிரப்பலாம். அதுவும் இல்லேன்னா, கெட்ட எலும்பையே எடுத்துட்டு உலோகத்துல புது மூட்டு வைக்கலாம். அது பெரிய ஆபரேஷன். எழுந்து நடந்து பழகவே நாளாகும். எதைச் செஞ்சாலும் பின்னால கதிர் வைத்தியம் உண்டு.”

“செஞ்சா நோய் போயிருமா?”

“இது நோயை விரட்டுற ஆபரேஷன் இல்ல சார். அதுக்கு மருந்து தனியா ஓடுது. இது இடுப்பைத் தாங்குற ஆபரேஷன். இருக்கிற காலத்தை நடந்து கழிக்கிறதா, படுத்துக் கழிக்கிறதாங்கிறதுதான் கேள்வி.”

“அந்தக் காலம்...”

“யாருக்கும் தெரியாது. கொஞ்சமாவும் இருக்கலாம், நாம நினைக்கிறதைவிட நிறையவும் இருக்கலாம். ஆனா கத்தி ஒரு தடவைதான். சரியில்லேன்னு திரும்பத் திறந்தா அவங்க உடம்பு தாங்காது. அதுக்காகத்தான் முன்னுரு.”

முன்னுரு என்பதை டாக்டர் எளிதாகத்தான் விளக்கினார். செண்பகத்தின் எலும்பு, ரத்தம், நரம்பு எல்லாவற்றையும் அளந்து, அவளை நாள்கணக்கில் பேசவிட்டுப் பதிந்து, கணினிக்குள் இன்னொரு செண்பகத்தை உண்டாக்குகிறார்கள். அதற்கு ஆபரேஷன் செய்கிறார்கள். ஆறு மாதம் முன்னால் ஓட்டி, எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டச் சட்டம் விடுவதில்லை. மூன்று வழிக்கும் மூன்று செண்பகம். அவர்களுக்கு ஆணிக்காரி, சிமெண்டுக்காரி, மூட்டுக்காரி என்று பேர் வைத்ததே நிஜச் செண்பகம்தான்.

“எலும்பு தாங்குமான்னு கணக்குச் சொல்லிருது. மூணுலயுமே உடையாதாம். ஆனா ஆளு தாங்குவாங்களான்னு ஆளுதான் சொல்லணும். ஆளைக் கேட்டா லேசாங்குது. அவங்க பழக்கம் அப்படியே அச்சுல வந்திருச்சு.”

“வலியைக் கணக்குப் பண்ண முடியாதாக்கும்?”

“ஒரே அளவு நெருப்பு, ஒருத்தருக்குக் கதகதப்பு, ஒருத்தருக்குச் சூடு. அது ஒண்ணுதான் இன்னும் பிடிபடல.”

குத்தாலிங்கம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். “அதுகளுக்கு நிஜமாவே வலிக்குமா டாக்டரம்மா?”

“வலிக்கிற மாதிரி கணக்கு ஓடுது. கணக்குக்கு வலிக்குமான்னு கோர்ட்டுல கேஸ் நடக்கு. தீர்ப்பு வரல.”

“தீர்ப்பு வர்ற வரைக்கும் வலிக்குமா, வலிக்காதா?”

டாக்டர் அந்த இடுப்பெலும்புப் படத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். “நீங்க பேசிப் பாருங்க சார்,” என்றார். “நாளைக்கு முடிவு பண்ணியாகணும். அம்மா ஆணியே போதும்னு சொல்லிட்டாங்க. எதுக்கு ஆணின்னு கேட்டா, வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கிடாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகணுங்காங்க.”

அந்த அறைச் சுவர் முழுக்கத் திரை. அதில் அவர்கள் வீட்டுக் கூடமே தெரிந்தது. ஜன்னல், சோபா, அவர் வரைந்து யாரும் வாங்காத பாபநாசம் அணைப் படம், எல்லாம். ஜன்னலோர நாற்காலியில் ஆணிக்காரி உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க. வெயில்ல வந்தீங்களா? உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. இட்லி.”

“சட்டை நல்லா இருக்கு உங்களுக்கு.”

குத்தாலிங்கம் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். ‘ஜன்னலுக்குப் போட வேண்டியதை ஒம்ம மேல போட்டுட்டான் அந்த டைலர்’ என்று அவள் வருசக்கணக்காகச் சொல்லிவந்த அதே பூப்போட்ட சட்டை.

“நடக்க முடியுதா செண்பகம்?”

“ஏன் முடியாம? பாருங்க.” எழுந்தாள். ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். கம்பு இல்லை, நொண்டல் இல்லை.

“வலிக்குதா?”

“லேசா. நீங்க மனசுல போட்டுக்கிடாதீங்க. உங்க உடம்பைப் பாத்துக்கிடுங்க.”

வெளியே வரும்போது அவருக்குப் பாட்டு ஒன்று வாயில் வந்தது. “ஆணியே போதும் டாக்டரம்மா. தங்கமா இருக்கா. இப்படி ஒருத்தியைக் கண்ணுல காட்டுறதுக்கு முப்பது வருசம் ஆச்சே உங்க விஞ்ஞானத்துக்கு.”

“சந்தோஷம். மத்த ரெண்டு பேரையும் பாத்துருங்க.”

“எதுக்கு?”

“கூட்டிட்டு வந்துட்டோம். பாக்காமப் போனா வருத்தப்படுவாங்கல்ல.”

சிமெண்டுக்காரி சோபாவில் சாய்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினாள்.

“வாரும். பித்தானை மாத்திப் போட்டிருக்கீரு, கண்ணு தெரியுதா இல்லியா? இந்தச் சட்டையை இன்னுமா ஒருத்தரும் திருடிட்டுப் போகல?”

“நல்லா இருக்குன்னு இப்பத்தான் ஒருத்தி சொன்னா.”

“யாரவ? கண்ணாடி போட்டுக்கிடச் சொல்லும். மூஞ்சியெல்லாம் வேர்த்து வடியுது பாரும். இரும், ஒமக்குத் தண்ணி,” என்று சோபாவின் கையைப் பிடித்து எழுந்தவள், “கொண்டு வரட்டுமாங்க? நீங்க வெயில்ல வந்திருக்கீங்க,” என்று முடித்தாள். சமையல்கட்டுக்குள் போய்ச் சொம்போடு வந்தாள். “இந்தாங்க.” சோபாவில் மறுபடி உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டாள். “என்ன வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கீரு? குடியும். அட, திரைக்கு அந்தப் பக்கம் இருந்து எப்படிக் குடிப்பீரு. எனக்கும் புத்தி இல்லாமப் போச்சு.”

குத்தாலிங்கம் சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உட்கார்ந்திருந்தபோது நீரு. எழுந்ததும் நீங்க. உட்கார்ந்ததும் திரும்பவும் நீரு.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “ஏங்க, கொஞ்சம் இங்க வர்றீங்களா?” என்று கட்டிலில் இருந்து அவள் கூப்பிட்ட குரலில் தேன் வடிந்தது. அவர் கிறங்கிப்போய், வாசலோடு ஓடி, முழம் முழமாக மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் அவள் முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சிறுநீரகத்தில் கல். ‘கல்லு வந்தவளுக்குப் பூ வாங்கிட்டு வந்த ஒரே மனுசன் நீருதான்’ என்று அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டியபோதும், “ஏங்க, அந்தத் துணியை எடுங்களேன்.” மார்பை அறுத்துத் தையல் போட்டுப் படுத்திருந்த நாளெல்லாம் நீங்கதான்.

இந்தச் சித்திரையில் இருந்தும் நீங்கதான். அவர் பக்குவம் என்று எண்ணியிருந்தது இது.

“என்னத்த யோசிக்கீரு?” என்றாள் சிமெண்டுக்காரி.

“ஒண்ணும் இல்ல.”

“தண்ணியை நானே குடிச்சிருதேன். சொம்பைச் சமையல்கட்டுல போய் வச்சுட்டு...” அவள் மறுபடி எழப் பார்த்தாள்.

“நீ உட்கார்ந்தே இரு,” என்றார் அவர் அவசரமாக. இன்னொரு தரம் எழச் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும். அவருக்கு மனசு வரவில்லை. “உட்கார்ந்தே இரு செண்பகம். நான் போயிட்டு வாரேன்.”

மூன்றாவது திரையில் கூடம் காலியாக இருந்தது. சமையல்கட்டில் இருந்து குரல்தான் முதலில் வந்தது.

“யாரு, நீரா? செருப்பை எங்க கழட்டினீரு? வாசல் நடுவுலதான போட்டிருப்பீரு?”

“ஆஸ்பத்திரியில செருப்பைக் கழட்டல.”

“கழட்டாமலே உள்ள வந்துட்டீரா? நல்லா இருக்கு.” கம்பு ஒன்றைத் தட்டிக்கொண்டு மூட்டுக்காரி வந்தாள். மற்ற இருவரையும்விட மெலிந்திருந்தாள். நடை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. “கம்பை எதுக்குப் பாக்கீரு? நாயை விரட்ட வச்சிருக்கேன். ஒமக்கும் உதவும்.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவளும் நின்றுகொண்டே இருந்தாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

“மூணு நாளா முகம் வழிக்கல போல. நான் இல்லேன்னா சோப்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது ஒமக்கு. தரையில சம்மணம் போட்டு உட்கார முடியல, குனிஞ்சு ஒரு கரண்டி எடுக்க முடியல. விழுந்த கரண்டியை எடுத்துத் தாரும்னு ஒம்மளைக் கெஞ்ச வேண்டியிருக்கு. எடுத்துத் தாறதுக்குள்ள குழம்பு சுண்டிருது.”

“வலிக்குதா?”

“லேசா.”

“நடந்து காட்டேன்.”

“ஏன், எலெக்சனுக்கா நிக்கேன், நடந்து காட்ட?” என்றாளே தவிர நடந்தாள். ஜன்னல்வரை போகும்போது பாபநாசம் அணைப் படத்தில் தண்ணீர் தயிர் மாதிரி இருப்பதாகச் சொன்னாள். வரும்போது மின்சாரக் கட்டணத்தை மறந்ததற்காக ஒரு பாட்டம். கம்பைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தபோது மாடியில் ஒழுகும் குழாய்க்காக இன்னொரு பாட்டம். நீரு, ஒமக்கு, ஒம்ம, நீரு. ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை.

“எதுக்கு இப்ப அழுவுதீரு?”

“சும்மா. இன்னும் கொஞ்சம் திட்டு.”

“கிறுக்கு புடிச்சிட்டா ஒமக்கு?”

“ஆமா.”

வெளியே வந்து சொன்னதும் டாக்டருக்கு முதலில் புரியவில்லை. “நீங்கன்னு சொன்னா வலி, நீருன்னு சொன்னா சுகமா? நாங்க அவங்க பேசினதை எழுத்தெழுத்தா படிச்சோமே சார். அப்படி ஒரு மாத்தமும் இல்லியே.”

எழுத்துப் பிரதியைத் திரையில் கொண்டுவந்தார். ‘நீங்கள் தண்ணீர் அருந்துங்கள்.’ ‘உங்களுக்குப் பைத்தியமா?’ ‘நீங்கள் காலணியை எங்கே கழற்றினீர்கள்?’ மூன்று செண்பகமும் செய்தி வாசிக்கிறவளைப் போலப் பேசியிருந்தார்கள்.

“இது யாரு எழுதினா?”

“மெஷின்தான். எந்த ஊர் பேச்சா இருந்தாலும் எல்லாருக்கும் புரியட்டும்னு எழுத்துத் தமிழா மாத்திரும்.” டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இதே ஊரு மேலப்பாளையத்துல பொறந்துட்டு நானும் இதைத்தான் படிச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க.”

பிறகு ஒலிப்பதிவைத் திறந்து, ஒவ்வொரு நீருக்கும் நீங்கவுக்கும் நேரே அந்த நொடியில் இடுப்பில் இறங்கிய பாரத்தை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

“எவ்வளவு செலவு பண்ணி எத்தனை பேரு தேடுறாங்க சார் இந்த அளவுகோலை. நெல்லைக்காரங்க வாயில சும்மா கிடக்கு.”

“நெல்லைக்காரங்க எல்லாருக்கும் இல்ல டாக்டரம்மா. அவளுக்கு மட்டுந்தான்.”

“மூட்டுத்தான். முடிவு பண்ணிருவோம்.” டாக்டர் எழுந்தவர், அவர் எழாததைப் பார்த்து நின்றார். “என்ன சார்?”

“மத்த ரெண்டு பேரும் என்ன ஆவாங்க?”

“முடிவாயிட்டா நிறுத்திரணும்.”

“அது வரைக்கும்?”

டாக்டர் திரும்ப உட்கார்ந்தார்.

“அந்த முதல் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன்.”

ஆணிக்காரி அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். “வாங்க. மறந்துட்டீங்களா எதையாவது?”

“செண்பகம். உனக்கு வலிக்குது.”

“லேசாங்க.”

“எனக்குத் தெரியும்.”

அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். அவர் காத்திருந்தார். சிரிப்பு ஓர் ஓரத்தில் இருந்து மெல்லக் கழன்றது.

“எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“தெரியும்.”

“உயிரு போகுதுங்க,” என்றாள் அவள். முப்பது வருசத்தில் அவர் கேட்டிராத வார்த்தை. “உட்கார்ந்தாலும் போகுது, நின்னாலும் போகுது. அவகிட்ட சொல்லிராதீங்க. பயந்துருவா. பாக்கத்தான் அப்படி இருப்பா.”

குத்தாலிங்கம் திரும்பிக் கதவருகே நின்ற டாக்டரைப் பார்த்தார். “படுக்க வைக்க முடியுமா இவளை? பாரம் இல்லாம?”

டாக்டர் மேசையில் ஏதோ தட்டினார். கூடத்தில் கட்டில் வந்தது. அவள் அதில் இருந்தாள். இடது காலுக்கு அடியில் ஒரு தலையணை. கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது.

“ஏ மனுசா,” என்றாள் கண்ணைத் திறக்காமலே.

“ம்.”

“இன்னும் இங்க என்ன பண்ணுதீரு? அங்க அவ ஒத்தையில கிடப்பா. போம். கதவைச் சாத்திட்டுப் போம், ஃபேன் காத்தெல்லாம் வெளிய போவுது.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். “அவ தூங்கினப்புறம் நிறுத்துங்க டாக்டரம்மா. அந்தச் சிமெண்டுக்காரியையும் படுக்க வச்சிருங்க.”

கணக்கு தூங்குமா என்று டாக்டர் கேட்கவில்லை. “நானே இருந்து பாத்துக்கிடுதேன்,” என்றார்.

வார்டில் செண்பகம் கேட்டாள். “பெரிய ஆபரேஷனா? எதுக்குங்க? அவளுக நல்லா இருக்கோம்னுதான சொன்னாளுக?”

“டாக்டரம்மா அதுதான் நல்லதுங்காங்க, செண்பகலட்சுமி.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரிங்க,” என்றாள்.

இந்த விஷயத்தை அவளிடம் சொல்லக் கூடாது என்று டாக்டரும் அவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். தெரிந்தால் அவ்வளவுதான். எலும்பு நொறுங்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ‘நீரு’ என்பாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அதன்பின் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் செண்பகத்தின் நாடியைப் பிடித்துக்கொண்டு கேள்வியை அவரிடம் கேட்டார்.

“இன்னைக்கு எப்படி சார்?”

“இன்னைக்கும் மரியாதைதான் டாக்டரம்மா.”

“அப்ப மருந்தைக் கொஞ்சம் கூட்டுவோம்.”

“என்னைக் கேக்காம இவங்களை எதுக்குக் கேக்கீங்க?” என்பாள் செண்பகம்.

“சாருக்குத்தான் ரொம்பக் கவலை. அதான்.”

ஒருநாள் வராந்தாவில் அவர் ஓடிவந்தார். “காலையில ஒரு ‘ஒமக்கு’ வந்துச்சு. ஒமக்கு காப்பி வேணுமான்னு ஆரம்பிச்சா. பாதியில வேணுமாங்கன்னு திரும்பிட்டு.”

“பாதி வந்தாச்சுல்ல. மீதியும் வரும்.”

வீட்டுக்கு வந்தார்கள். வாக்கர் போய்க் கம்பு வந்தது. கதிர் வைத்தியமும் முடிந்தது. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும் என்று செண்பகம் பிடிவாதம் பிடித்தாள். டாக்டரைக் கேட்டார். கூட்டம் இல்லாத நேரமாகப் போகச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறியதும் குரல் ஒன்று, “வணக்கம், பயணிகள் இருவர்,” என்றது. டிரைவரும் கிடையாது, கண்டக்டரும் கிடையாது. இருக்கைகள் பாதிக்கு மேல் காலி.

“உட்காரு செண்பகம்.”

“இருங்க,” என்றாள். படி ஏறிய களைப்பு. அந்த ‘ங்க’ அவர் காதில் விழுந்தது.

அவள் உட்காரவில்லை. பின்படிக்குப் பக்கத்தில், இரண்டாவது இருக்கையின் ஓரக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து நின்றாள். கண்டக்டர்கள் டிக்கெட் கிழிக்கும்போது நிற்கிற அதே நிலை. கையில் பையும் இல்லை, விசிலும் இல்லை. கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பஸ் கிளம்பி, வளைவில் திரும்பிப் பாலத்தில் ஏறியது. ஏற்கெனவே நாலு பேர் படியருகே நின்றுகொண்டு தாமிரபரணியில் தண்ணீர் வருவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள அம்புட்டு இடம் கிடக்கு, படியில என்ன படமா காட்டுதாங்க?” என்று ஒரு குரல் எழும்பியது. நாலு பேரும் துள்ளி உள்ளே போனார்கள். பஸ்ஸின் குரல்கூட ஒரு கணம் அறிவிப்பை நிறுத்திவிட்டதாகத்தான் குத்தாலிங்கத்துக்குப் பட்டது.

“நீரு என்ன தனியா? ஒமக்குச் சீட்டு வச்சு வெத்திலை பாக்கு வச்சு அழைக்கணுமா? அந்தா கிடக்குல்லா இடம், போய் உட்காரும். எல்லாத்துக்கும் வழியை மறிச்சுக்கிட்டு, அந்தத் திரைச்சீலைச் சட்டையையும் மாட்டிக்கிட்டு.”

குத்தாலிங்கம் போய் உட்கார்ந்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“என்னத்துக்குச் சிரிக்கீரு?”

“ஆத்தைப் பாத்தேன்.”

“ஆத்தைப் பாத்தா சிரிப்பு வருதா? ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாளா ஒரு மார்க்கமாத்தான் இருக்கீரு. அந்த மூணு பேரும் ஒம்மகிட்ட என்ன சொன்னாளுக? நிஜத்தைச் சொல்லும்.”

“நல்லா இருக்கோம்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் இல்ல, செண்பகலட்சுமி.”

பஸ் பாலத்தை விட்டு இறங்கியது. செண்பகம் கம்பியில் சாய்ந்தபடியே அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது.

“முழுப்பேரு வந்துட்டா?” என்றாள். “முப்பது வருசமா பாக்கேன். எதையாச்சும் மறைக்கும்போது மட்டுந்தான் ஒம்ம வாயில லட்சுமி வருவா. கண்ணு மங்கிட்டுன்னு டிரைவர் வேலையை விட்டுட்டு வந்த எங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னீரே, அன்னைக்கும் லட்சுமி. ஸ்கேன் பாத்துட்டு வந்தீரே, அன்னைக்கும் லட்சுமி. என்கிட்ட மறைக்க முடியும்னு நினைச்சுக்கிட்டு இருக்கீரு.”

குத்தாலிங்கம் சட்டைப் பித்தானைத் திருகினார்.

“போகட்டும். எவளோ ஒருத்தி எதையோ சொல்லியிருக்கா. சொல்லாதீங்கன்னும் சொல்லியிருப்பா. என்னை எனக்குத் தெரியாதா? வச்சுக்கிடும்.” கம்பை எடுத்து அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். “கொஞ்சம் தள்ளி உட்காரும். நிக்கவே முடியாம இல்ல. ஒம்ம பக்கத்துல உட்காரலாம்னு தோணுது, அவ்வளவுதான்.”

அவர் தள்ளி உட்கார்ந்தார்.